முதுகு காட்டாத விசிறிகள்

திருமணப் பதிவு அலுவலகத்தின் கணினி சூடாகிறது என்பதை அலுவலகம் ஒருபோதும் மறுத்ததில்லை. ஒப்புக்கொண்டதும் இல்லை.

பழைய பெட்டி தகரப் பெட்டி. அதன் பக்கவாட்டு மூடியை ஆபரேட்டர் அம்மாள் என்றோ கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகிவிட்டார். எதிரே ஸ்டூலில் ஒரு மேசை விசிறி. அதன் காற்று நேராகப் பெட்டியின் வயிற்றுக்குள் போகும். உள்ளே தூசி படிந்த தகடுகளும் சிக்கு விழுந்த வயர்களும் வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் வந்த ஜோடிகளுக்குக் கல்யாணம் பதிவாகிக்கொண்டிருந்தது. ஆகவே யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கவனித்தவர் புதிதாக வந்த பதிவாளர். பொறுப்பேற்ற அன்று அறையைச் சுற்றிப் பார்த்தவர், பெட்டியின் அருகே வந்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னம்மா இது, திறந்த மேனியா நிக்குது?"

"மூடி போட்டா சூடாகி நின்னுடுது சார்."

"சூடா இருக்குன்னு நாம சட்டையக் கழட்டிட்டா உக்காந்திருக்கோம்?"

பக்கத்தில் நின்ற தலைமை எழுத்தர் தம் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அப்போது அலுவலகங்களில் கண்ணாடிப் பெட்டி பரவிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டடத்து நில அளவை அலுவலகத்தில் ஒன்று வந்திருந்தது. முன்புறமும் பக்கமும் கண்ணாடி. உள்ளே ஏழு வண்ணத்தில் விசிறிகள் சுழலும். நிலத்தகராறு செய்ய வந்தவர்கள் அதைப் பார்த்தபடியே சமாதானமாகிப் போய்விடுவதாகப் பேச்சு. பதிவாளர் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, நிர்வாகத்தில் வெளிப்படைத்தன்மையை நிலைநாட்டும் பொருட்டு ஒரு கண்ணாடிப் பெட்டி இன்றியமையாததாகிறது என்று மேலே எழுதினார். வெளிப்படைத்தன்மை என்று எழுதினால் மறுக்க யாருக்கும் தைரியம் வருவதில்லை. பெட்டி வந்தது.

அதை மாட்ட வந்த ரிப்பேர்காரர் பேச்சுக்காரர். திருப்புளியைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"முன்னாடி மூணு ஃபேன், மேல ரெண்டு, பின்னாடி ஒண்ணு. முன்னாடி இருக்கறது குளிர்ந்த காத்த உள்ள இழுக்கும். மேலயும் பின்னாடியும் இருக்கறது சூட்டை வெளிய தள்ளும். ஒரு பக்கம் வந்து ஒரு பக்கம் போயிடும். அவ்வளவுதான் சார் விஷயம்."

பதிவாளர் ஒரு விசிறியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் வழுவழுப்பான இதழ்கள், சுற்றிலும் வண்ண வளையம். மறுபக்கம் குறுக்கே நாலு பிளாஸ்டிக் கட்டை, ஒரு வயர், கோணலாக ஒட்டிய லேபிள்.

"இது என்ன இந்தப் பக்கம் இப்படி இருக்கு?"

"அது முதுகு சார். முகத்தால காத்த இழுத்து முதுகால விடும்."

"அப்ப மேல மாட்டற ரெண்டும்?"

"முதுகு வெளிய தெரியும். சூடு மேலதான போகணும்?"

பதிவாளர் கூரையைப் பார்த்தார். தலைமை எழுத்தரும் பார்த்தார்.

"இணை இயக்குநர் ரூம் சார். சரியா இதுக்கு மேலதான் அவர் நாற்காலி."

"பின்னாடி என்ன இருக்கு?"

பின்னால் பொதுமக்களுக்கான பெஞ்சு இருந்தது. பெஞ்சுக்கு மேலே சுவரில், 'மக்களே நம் எஜமானர்' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது.

"எஜமானருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு ஃபேன் சுத்தறதா?" என்றார் பதிவாளர். "ஆறும் முகத்த வெளிய காட்டட்டும்."

ரிப்பேர்காரர் காதுக்குப் பின்னாலிருந்த திருப்புளியை எடுத்தார். "ஆறும் உள்ள இழுத்தா, உள்ள போன காத்து எங்க சார் போகும்?"

இதற்குத் தலைமை எழுத்தர் பதில் சொன்னார். நீண்ட பணி அனுபவம் உள்ளவர். "இந்த ஆபீஸுக்குள்ள வர்றதெல்லாம் வெளிய போயே ஆகணும்னு எந்த விதியில இருக்கு?"

"உங்க பெட்டி, உங்க காத்து" என்று சொல்லி ரிப்பேர்காரர் ஆறையும் அப்படியே மாட்டிக்கொடுத்தார். பிற்காலத்தில் வருகிறவர்கள் மாற்றிவிடக் கூடாதே என்று ஒரு சுற்றறிக்கையும் போடப்பட்டது: 'அலுவலகக் கணினியில் பொருத்தப்படும் விசிறி எதுவும் அதிகாரிக்கோ, மேலதிகாரிக்கோ, பொதுமக்களுக்கோ தன் பின்புறத்தைக் காட்டுதல் ஆகாது.'

பெட்டியை அறையின் நடுவில் ஒரு மேடையில் வைத்தார்கள். விளக்கை அணைத்துப் பார்த்தபோது கண்ணாடி சேரும் இடுக்குகளில் வெளிச்சம் கீற்றுக் கீற்றாகக் கசிந்தது. அது நிர்வாகக் கசிவுபோல் தோன்றியதால் பதிவாளர் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னார். காற்று தப்பித்துக்கொண்டிருந்த வழியும் அதோடு அடைபட்டது.

கண்ணாடியின் மூலையில் உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டும் ஒரு சின்னச் சிவப்பு எண் இருந்தது. அதைத் தினமும் குறித்து மேலே அனுப்ப வேண்டும். இயந்திரம் பதற்றமில்லாமல் இருக்கும் நேரத்தில் குறிப்பதே நியாயம் என்று தலைமை எழுத்தர் கருதினார். ஆகவே காலையில் வேலை தொடங்குவதற்கு முன், சுவிட்சைப் போட்டதும் போடாததுமாகப் பார்த்துக் குறித்தார். சில வாரங்களில் மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. எல்லாக் கிளைகளிலும் மிகக் குளிர்ச்சியான கணினி இதுவே. பாராட்டைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அன்று முதல் 'கணினி சூடாகிறது' என்று சொல்வது ஆவணங்களுக்கு முரணான கூற்றாக ஆயிற்று.

இந்த நிலையில்தான் அந்த ஜோடி வந்தது.

மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பெண், பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். வீட்டார் முன்னிலையில் கல்யாணம் முடிந்திருந்தது. ஆனால் குடித்தனம் தொடங்கவில்லை. அவர் துறைமுகத்தில் தனியாட்கள் தங்கும் கூடத்தில் அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில் படுத்தார். அவள் அக்கா வீட்டு ஹாலில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் படுத்தாள். மாலையில் இருவரும் பஸ் நிறுத்தத்தில் சந்தித்துக்கொள்வார்கள். பஸ் வந்ததும் கணவன் மனைவி பிரிந்துவிடுவார்கள். துறைமுகத்தில் இரண்டு அறைக் குடியிருப்பு ஒன்று காலியாகி, மாப்பிள்ளை பெயருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மாதம் முடிவதற்குள் பதிவுச் சான்றிதழைக் காட்டாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

சாட்சிக்குப் பெண்ணின் தாய்மாமா வந்திருந்தார். உலகத்தில் நடக்கும் முட்டாள்தனங்களைச் சுட்டிக்காட்டுவதில் ஆர்வமுள்ளவர்.

ஆபரேட்டர் அம்மாள் மாப்பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், வேலை எல்லாம் தட்டிச் சேமித்தார். 'மணமகன்: திருமணமானவர்' என்று திரை சொன்னது. பெண்ணின் பெயரைத் தொடங்கினார். மூலையில் சிவப்பு எண் ஏறிக்கொண்டே போனது. ஆறு விசிறிகளும் மயில் கழுத்து நிறத்தில் சீறின. மூன்றாவது எழுத்தில் எல்லாம் இருண்டது.

"என்ன ஆச்சு?" என்றார் பதிவாளர்.

"சூடு தாங்காம தானே அணைச்சுக்கிச்சு சார்."

"யாரக் கேட்டு? லீவு சொல்லிச்சா?"

ஆறிய பிறகு மறுபடி போட்டார்கள். மாப்பிள்ளையின் பெயரைத் தட்டியதும் திரை மறுத்தது: 'இந்நபர் ஏற்கெனவே திருமணமானவர்.'

"அட மாப்பிள்ளை, சொல்லவே இல்லையே!" என்றார் மாமா.

"நான் யாரை சார் கல்யாணம் பண்ணியிருக்கேன்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அது நிலுவையில இருக்கு" என்றார் தலைமை எழுத்தர்.

பெண் எழுந்து நின்றாள். "இவருக்கு வேற பொண்டாட்டி இருக்கான்னு சொல்றீங்களா?"

"இருக்குன்னு நான் சொல்லலம்மா. இல்லன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னுதான் சொல்றேன்."

"அந்தப் பதிவ அழிச்சிட்டுப் புதுசாப் போடுங்க."

"அழிக்கணும்னா மனைவி கையெழுத்துப் போடணும்."

"நான்தானே மனைவி?"

"நீங்க கல்யாணம் ஆகாத பொண்ணு. அதான் பதிவு." குரலைத் தாழ்த்தினார். "கல்யாணமான ஒரு ஆம்பளையோட உங்க பேரைச் சேர்த்து நீங்களே பேசறது உங்களுக்கும் நல்லதில்ல. உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

மாமா சிரிக்க ஆரம்பித்து, மருமகள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பதிவாளர் இரக்கமற்றவர் அல்ல. நிரப்புப் பதிவு என்று ஒரு வழி இருக்கிறது என்றார். மனைவி என்ற காலி இடத்தை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் பெண்ணின் விவரம், அவள் பெற்றோர் விவரம், சாட்சி விவரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். இயந்திரத்துக்கு அவ்வளவு மூச்சு இல்லை. நாள்தோறும் வந்து உட்கார்ந்தார்கள். சில நாள் அவள் பெயர்வரை போனது, ஒரு நாள் அப்பா பெயரின் பாதிவரை. அணையும்போதெல்லாம் மாப்பிள்ளை ஒரு குற்றவாளியைப்போல் தலைகுனிந்துகொண்டார்.

அந்த நாட்களில் அலுவலகத்தில் கல்யாணமே பதிவாகவில்லை என்று சொன்னால் பொய். குட்டைப் பெயர்க்காரர்களுக்குப் பதிவானது. இரண்டு எழுத்துப் பெண், மூன்று எழுத்து மாப்பிள்ளை, அதைவிடச் சின்னப் பெயருள்ள சாட்சி என்று அமைந்துவிட்டால் சூடேறுவதற்குள் சான்றிதழ் கையில். ஊரில் வரன் பார்ப்பவர்கள் இப்போது பெயரின் நீளத்தை முதலில் விசாரிப்பதாக ஆபரேட்டர் அம்மாள் சொன்னார்.

"இவ பேரைச் சுருக்கிடலாமா சார்?" என்று மாமா கேட்டார்.

"அதுக்கு வேற ஆபீஸ்."

"அங்க கம்ப்யூட்டர் நல்லா ஓடுமா?"

"அங்கயும் கண்ணாடிப் பெட்டிதான். நம்மளப் பார்த்து வாங்கினாங்க" என்றார் தலைமை எழுத்தர், கொஞ்சம் பெருமையாக.

மாதத்தின் கடைசி வேலை நாள் வந்தது. காலையிலேயே ஒரு முறை அணைந்தாயிற்று. பெண் எழுந்து போய்ப் பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"சார், உள்ள போற காத்து வெளிய வர வழியே இல்ல. வெந்துக்கிட்டிருக்கு."

"தெரியும்மா" என்றார் பதிவாளர்.

"தெரியுமா?"

"எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். இந்தம்மாவுக்கு முதல் நாளே தெரியும். மாட்டினவன் சொல்லிட்டுத்தான் மாட்டினான். தெரியறது ஒரு விஷயமா? தெரிஞ்சதா ஆபீஸ் எடுத்துக்கணுமே." சுவரில் இருந்த பாராட்டைக் காட்டினார். "அதுல என்ன போட்டிருக்கு பாரு."

"ஒரே ஒரு ஃபேனைத் திருப்பி மாட்டுங்க. பின்னாடி இருக்கறது போதும்."

"திருப்பினா முதுகு யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். பெஞ்சில் எஜமானர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்களையே கேளுங்க சார்" என்றாள் அவள்.

கேட்பதில் தவறில்லை என்று தலைமை எழுத்தர் அபிப்பிராயப்பட்டார். ஒருவர் அவமதிப்பைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டால் அது அவமதிப்பு ஆகாது, அன்பளிப்பு ஆகிவிடும். பதிவாளர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சின் முன் நின்றார்.

"இந்த ஃபேனைத் திருப்பி வெச்சா உங்க எல்லார் வேலையும் இன்னிக்கே முடியலாம். ஆனா அது உங்களுக்கு முதுகு காட்டும். சம்மதமா?"

பெஞ்சு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"வேலை முடியலன்னாலும் பரவாயில்ல சார். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சரியாச் சொன்னீங்க" என்றார் அடுத்தவர்.

"கலர் வெளிச்சம் இந்தப் பக்கம் தெரியாதா அப்புறம்?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "குழந்தை அதப் பார்த்துத்தான் அழாம இருக்கு."

"நாமன்னா அவ்வளவு இளக்காரமாப் போச்சா? திருப்பறதா இருந்தா உங்க நாற்காலிப் பக்கம் திருப்புங்க!" என்று கடைசியில் இருந்தவர் கத்தினார். பெஞ்சு கைதட்டியது. பதிவாளர் மகிழ்ச்சியோடு பெண்ணைப் பார்த்தார். "பார்த்தியாம்மா? நான் என்ன பண்ணட்டும்? மக்கள் விருப்பம்."

அவள் சுவரில் இருந்த அந்த நீல எழுத்தைப் பார்த்தாள்.

"எனக்குக் காட்டட்டும்" என்றாள். "நான் அங்க நிக்கிறேன். எனக்கு மட்டும் முதுகு காட்டட்டும்."

"ஏய், வேணாம்" என்றார் மாப்பிள்ளை. "நான் நிக்கிறேன்."

"நீங்க கல்யாணமானவர். அங்க போய் உக்காருங்க."

தலைமை எழுத்தர் வாசகம் தயாரித்தார். மேற்படி விசிறியின் பின்புறத்தை யாருடைய வற்புறுத்தலும் இன்றி முழு மனதுடன் பார்க்கச் சம்மதிக்கிறேன் என்று அவள் கையெழுத்துப் போட்டாள். பெஞ்சில் இருந்தவர்களை வராந்தாவுக்கு அனுப்பினார்கள். தப்பித் தவறி யார் கண்ணிலாவது பட்டுவிடக் கூடாது. "இவ ஒருத்திக்காக எல்லாரும் வெயில்ல நிக்கணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ரிப்பேர்காரர் எதிர்க் கட்டடத்தில்தான் வேலையாக இருந்தார். வந்து நாலு திருகைக் கழற்றி, ஒரு விசிறியைத் திருப்பி, நாலு திருகை மாட்டினார். தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

அவள் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். விசிறி சுழன்றது. அத்தனை நாள் உள்ளே கிடந்த சூடு ஒரேயடியாக அவள்மேல் வந்து விழுந்தது. தூசியும் தீய்ந்த பிளாஸ்டிக் வாடையும் கலந்த காற்று. நெற்றி வேர்த்தது. முடிக்கற்றை கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. மேலே இருந்து குளிர்ந்த காற்று இறங்க, பின்னால் சூடு வெளியேற, சிவப்பு எண் ஏறுவதை நிறுத்தி, யோசித்து, இறங்கத் தொடங்கியது.

"பேர் முழுசும் சொல்லும்மா" என்றார் ஆபரேட்டர் அம்மாள்.

அவள் சொன்னாள். நீளமான பெயர்தான். ஓர் எழுத்தையும் விடவில்லை. அப்பா பெயர், அம்மா பெயர், மாமா பெயர். மாப்பிள்ளை நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அச்சுப்பொறி ஒரு முறை கனைத்தது. தாள் வெளியே வந்தது.

"வாழ்த்துகள்" என்றார் பதிவாளர். "இப்ப நீங்க திருமணமானவங்க. கொஞ்சம் தள்ளிக்குங்க, ஃபேனைத் திருப்பணும்."

"எதுக்கு சார்? நல்லாத்தானே ஓடுது?"

"சம்மதம் குடுத்தது நீங்க மட்டும்தானே?"

விசிறி பழையபடி திரும்பியது. வராந்தாவில் இருந்தவர்கள் உள்ளே வந்து பெஞ்சில் அமர்ந்து, ஏழு நிறங்களையும் பார்த்தபடி மரியாதையாகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். வாசலில் தலைமை எழுத்தர் அவளைத் தனியாக நிறுத்தி, வாரத்தில் ஓரிரு நாள் வந்து பின்னால் நிற்க வசதிப்படுமா என்று கேட்டார். பணி நிரந்தரமாகும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

குடியிருப்பு கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சின்னச் சமையலறை. சமையலறைச் சுவரில் புகையை வெளியே தள்ள ஒரு விசிறி, தெருவைப் பார்த்து. முதல் ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். கூடவே அந்த அலுவலகக் கதையை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தார். முதுகைப் பார்க்கச் சம்மதக் கையெழுத்து என்ற இடத்தில் எதிர்வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது.

சிரித்து ஓய்ந்து உள்ளே வரும்போது மாமா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, இந்த ஃபேன் என்ன, எண்ணெய்ப் பிசுக்கும் கம்பியுமா தெருவப் பார்த்துக்கிட்டு? போற வர்றவங்க முகத்துல அடிக்கிற மாதிரி."

அவள் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள். எதிர்வீட்டு விசிறியையும் பார்த்தாள். அது பளபளவென்று முகத்தைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரருக்கு எப்போதும் ஏன் இருமல் என்று அவள் யோசிக்கவில்லை.

"ஆமா மாமா. நானும் சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். உள்ளே குரல் கொடுத்தாள். "ஏங்க, அந்தத் திருப்புளியக் கொஞ்சம் எடுங்க. நாலு பேர் பார்க்கற இடம்."

மூவரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். தெருவிலிருந்து பார்க்க விசிறி மிக அழகாக இருந்தது.